வித்தியாசம் பார்க்கும் கதவு

வெல்டன்பர்க் விமான நிலையத்தை நான் இங்கே புகழ்ந்துதான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

கூட்டம் என்றால் என்னவென்று தெரிந்தவன் நான். துறையூர் டெப்போவில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தீபாவளிக்கு முந்தின நாள் சென்னை வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போகும், பை போகும், செருப்பு போகும். ஒரு வருடம் ஒரு புதுமாப்பிள்ளையே போனார். மாமனார் காலைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவன், வரிசைக்கென்று மனிதகுலம் கண்டுபிடித்த ஆக உயர்ந்த இயந்திரத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடாமல் என்ன செய்வான்?

ஸ்வீடனில் மகன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு நானும் என் மனைவி சாருமதியும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். ஐரோப்பாவிலிருந்து திருச்சிக்கே நேரடி விமானம் வந்துவிட்ட புண்ணிய காலம் இது. வெல்டன்பர்கில் இறங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி ஐரோப்பாவிடம் விடைபெற்றுக்கொண்டு, விமானம் மாறினால் போதும். கண் விழித்தால் திருச்சி. ஆனால் ஒரு நாளைக்கு ஒரே விமானம்தான். விட்டால் மறுநாள் மாலைவரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

முதல் விமானத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சாருமதிக்கு ஜன்னல் வேண்டும், எனக்கு அடிக்கடி எழுந்து போக வேண்டும். அதனால் நாங்கள் எப்போதும் நடு இருக்கையை விட்டுவிட்டுத்தான் வாங்குவோம். அந்தப் பெண்ணின் பெயர் இளவெயினி. முப்பது வயதிருக்கும். காற்றாலை இறக்கைகளை வடிவமைக்கிற கம்பெனியில் வேலையாம். சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. பெல்ட் விளக்கு அணைவதற்குள் சாருமதி அந்தப் பெண்ணின் முழு ஜாதகத்தையும் வாங்கிவிட்டாள். நாட்டின் உளவுத்துறை இவளை இத்தனை வருடம் எனக்குச் சோறு போட விட்டுவைத்தது பெரிய குற்றம்.

கழிவறைக்குப் போகும் சாக்கில் என்னைப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"மண்ணச்சநல்லூர்ப் பொண்ணுங்க. அப்பா ரைஸ் மில் வச்சிருக்காராம். அண்ணன்காரன் நேத்து போன் பண்ணி, அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, கிளம்பி வான்னானாம்."

"எந்த ஆஸ்பத்திரியாம்?"

"அதைச் சொல்லலையாம். பதறாம வா, சாப்பிட்டுட்டு வா, நான் ஏர்போர்ட்டுக்கு வந்துடறேன்னு மட்டும் சொன்னானாம்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு நம் ஊரில் யாரும் போனில் சாவுச் செய்தி சொல்வதில்லை. தனியாக இருக்கும், அழுதுகொண்டே கிளம்பும், வழியில் என்ன ஆகுமோ என்ற பயம். 'ரொம்ப சீரியஸ்' என்றால் ஆள் பிழைத்துக்கொள்வார். 'கொஞ்சம் சீரியஸ்' என்றால் வாசலில் பந்தல் போட்டாயிற்று.

"பாவம், அதுக்குத் தெரியாதுங்க" என்றாள் சாருமதி. "நீங்க வாயை வச்சுக்கிட்டு சும்மா வாங்க."

வெல்டன்பர்கில் இறங்கினோம். நிலையம் எவ்வளவு பெரியதென்றால், ஒரு கோடியில் மழை பெய்யும்போது மறுகோடியில் வெயில் அடிக்குமாம். தரையில் என் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டேன். மாலை வெயில் கண்ணாடிக் கூரை வழியாக இறங்கி, நடக்கிறவர்கள் எல்லோரையும் தங்கத்தில் வார்த்தது போலக் காட்டியது. நான்கூட ஏதோ ஒரு தேசத்தின் தூதர் போல இருந்ததாக எனக்கே தோன்றியது.

"இங்க பாஸ்போர்ட் கன்ட்ரோல்ல பிசினஸ் கிளாஸ்னு தனி லைன் கிடையாது அங்கிள்" என்று இளவெயினி நடந்துகொண்டே விளக்கினாள். பலமுறை இந்த வழியாகப் போய் வந்தவள். "காசு குடுத்து முன்னாடி போறதெல்லாம் சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க. ஒரு கதவு இருக்கும். அது உங்களுக்கு ரெண்டு உலகத்தைப் போட்டுப் பார்க்கும். இன்னைக்கு நீங்க போய்ச் சேர்ந்தா என்ன ஆகும், நாளைக்குப் போய்ச் சேர்ந்தா என்ன ஆகும்னு. வித்தியாசம் பெருசா இருந்தா நீல லைன். நேரா போயிடலாம். இல்லேன்னா சாம்பல்."

"வித்தியாசம் யாருக்கு?"

"உயிரோட இருக்கறவங்களுக்கு."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"டிக்கெட் எடுக்கும்போதே சரின்னு ஒரு பட்டனைத் தட்டினோம் இல்ல? நம்ம ஊர்ல எங்க வேணா விசாரிச்சுக்கலாம்னு அர்த்தம். பிளட் பேங்க், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, எல்லாம் அதுக்கு ஒரு நொடி."

அடேயப்பா! நான் ஒருவன் ஒரு டெப்போவையே திணறித் திணறி நடத்தினேன். இந்தக் கதவு ஆளுக்கு இரண்டு உலகம் படைத்து, இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, வழியும் விடுகிறதாம்.

கதவைப் பார்த்தால் கதவு மாதிரியே இல்லை. கல்யாண வீட்டு வாழைமரம் போல இரண்டு வெள்ளைத் தூண்கள், அவ்வளவுதான். எனக்கு முன்னால் கழுத்தில் மூன்று கைப்பேசிகளை மாட்டிக்கொண்டு ஒரு கோடீஸ்வரர் போனார். சாம்பல். அவர் போகாவிட்டால் அவருடைய கம்பெனி இன்னும் நன்றாக நடக்குமாம், வரிசையில் பேசிக்கொண்டார்கள். கைகால் உதறக் கத்தினார். அவருக்குப் பின்னால் கூண்டில் ஒரு நாய்க்குட்டி வந்தது. ஒரே ஒரு தடவை குரைத்தது. நீலம்! அது போய்ச் சேர்ந்தால்தான் யாரோ ஒரு கிழவர் மாத்திரை போட்டுக்கொள்வாராம், கூண்டைத் தள்ளி வந்தவர் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை தட்டினேன். சாருமதி இடித்தாள்.

அடுத்து அவள் போனாள். காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்பான் வழியாகக் கதவு அந்தக்காலத்துச் செய்தி வாசிப்பாளர் குரலில் கேட்டது: "தங்களது பயணத்தின் நோக்கம் யாது?"

"எதிர்வீட்டு ரோசம்மாவுக்கு நாளன்னிக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு நான்தான் போகணும்."

நீலம்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போய் நின்றேன். "திருச்சி மாவட்டப் போக்குவரத்து ஓய்வூதியர் சங்கத்தின் செயற்குழுவில் நான்கு முக்கியத் தீர்மானங்களை முன்மொழிய வேண்டும். நான் இல்லாவிட்டால் சங்கமே உடையும்" என்றேன்.

கதவு கண்ணிமைக்கும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சாம்பல்.

நான் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்பதை எங்கள் சங்கப் பொருளாளர் பல வருடமாகச் சொல்லிவருகிறார். இப்போது ஐரோப்பாவே சொல்லிவிட்டது. சாருமதி இடுப்பளவு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்த சிரிப்பில் குழிவிழுந்த கன்னத்தை நான் பார்த்தே பல வருடமாகிறது. அதற்காகவே அந்தக் கதவை இன்னொரு முறை கும்பிட்டேன்.

எனக்குப் பின்னால் இளவெயினி போனாள்.

"தங்களது பயணத்தின் நோக்கம் யாது?"

"அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. பார்க்கப் போறேன்."

சாம்பல்.

சாருமதியின் சிரிப்பு நின்றது. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

சாம்பல் வரிசை வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் நிற்பது போல மடிந்து மடிந்து போனது. அது ஊர்கிற வேகத்தில் திருச்சி விமானத்தைப் பிடித்தாலும் பிடிக்கலாம், விட்டாலும் விடலாம். நான் விட்டால் இன்னொரு தடவை மீசையைச் சரிசெய்துகொள்வேன். அவள் விட்டால்? நேற்றே முடிந்திருந்தால், நாளைக் காலை எடுத்துவிடுவார்கள். ஒரு ராத்திரி வைத்ததே அதிகம் என்பார்கள். வேற்று நாட்டில் இருக்கும் மகளுக்காகக் காலைவரை பார்ப்பார்கள். இன்னொரு ராத்திரிக்குப் பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள்.

சாருமதி தடுப்பின் அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினாள். வரிசை தொடங்கும் இடத்தில், கதவருகே ஒரு பெண் அதிகாரி நின்றிருந்தார். நான் இளவெயினியிடம் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரிடம் போனேன். சட்டையில் மாரிட் என்று பெயர் குத்தியிருந்தது. ஆறரை அடி உயரம். அத்தனை உயரத்திலிருந்தும் என்னை மரியாதையாகக் குனிந்து பார்த்தார். அதற்கே இடுப்பு வலித்திருக்கும்.

"அம்மா, அந்தப் பெண்ணைக் கதவு தப்பா அனுப்பிடுச்சு."

"கதவு தவறு செய்வது அரிது, ஐயா" என்றது காதில் அந்த அம்மாளின் தமிழ்.

"அப்பாவைப் பார்க்கப் போறா. உடம்பு சரியில்லாத அப்பா."

அவர் கையிலிருந்த கண்ணாடிப் பலகையைப் பார்த்தார். முகம் மாறியது. "பிறருடைய விவரங்களை நான் கூற இயலாது."

"நீங்க கூற வேண்டாம். நானே கூறுறேன். அவர் இறந்துட்டார். சரியா?"

மாரிட் பலகையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "உடல்நலமற்ற தந்தையைச் சந்திப்பது என்னும் நோக்கம் நிறைவேற வழியில்லை என்று கதவு கருதுகிறது. ஆகவே இன்று சென்றாலும் நாளை சென்றாலும் வித்தியாசம் இல்லை. அவசரம் முடிந்துவிட்டது."

"அம்மா, முடிஞ்சதாலதான் அவசரமே!"

அவருக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரிந்துகொள்ள முயன்றார் என்பதுதான் நான் அவரிடம் வியந்தது. "என் தந்தை காலமாகி மூன்று வாரம் கழித்துத்தான் அடக்கம் செய்தோம். என் சகோதரி சுற்றுலாவிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது."

"எங்க ஊர்ல மூணு வாரம் வச்சிருந்தா கலெக்டர் வந்துடுவார். நாளைக்குக் காலையில எடுத்துடுவாங்க. அதுக்குள்ள இவ போய் முகத்தைப் பார்க்கணும்."

"முகத்தையா?"

"முகத்தை. கடைசியா ஒரு தடவை. அதைப் பார்க்காம விட்டவங்க ஆயுசு முழுக்க அதையே சொல்லிக்கிட்டு இருப்பாங்க."

மாரிட் திரும்பி வரிசையில் நின்ற இளவெயினியைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பயணி கதவிடம் அவ்வாறு சொல்லவில்லையே" என்றார்.

"அவளுக்குத் தெரியாதே! வீட்டுல மறைச்சு வச்சிருக்காங்க. எங்க வழக்கம் அப்படி. நீங்களே அந்தக் கதவுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"பயணி தம் குரலில் சொன்னால் மட்டுமே ஏற்கும். முதலாண்டில் பிறருக்காகப் பேச அனுமதித்தோம், ஐயா. கணவர்கள் மனைவிகளுக்காகப் பேசினார்கள். அத்தனை மனைவிகளும் சாம்பலுக்கு வந்தார்கள்." ஒரு நொடி தடுப்புக்கு அப்பால் நின்ற சாருமதியைப் பார்த்தார். "அந்தப் பெண் திரும்பி வந்து வேறு நோக்கத்தைச் சொல்லலாம். ஒரே ஒரு முறை."

எவ்வளவு நியாயமான ஏற்பாடு! எவ்வளவு பாழாய்ப்போன ஏற்பாடு! அந்தப் பெண் விமானத்தைப் பிடிக்க வேண்டுமானால் அப்பா இறந்துவிட்டார் என்று அவளே தன் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமானால் அவளுக்கு முதலில் யாராவது சொல்ல வேண்டும்.

தடுப்பின் ஓரமாகப் போய் சாருமதியிடம் குனிந்து கிசுகிசுத்தேன்.

"அப்ப சொல்லிடுங்க" என்றாள்.

"நானா? நீ சொல்லு. உனக்குத்தான் பக்குவமாப் பேச வரும்."

"நான் நீலத்துல வந்துட்டேன். திரும்பி வர முடியாது."

"வசதியாப் போச்சு உனக்கு."

"இத்தனை வருஷமா ஊரெல்லாம் கேட்கப் பேசினீங்களே. இப்ப ஒரு வார்த்தை பேசுங்க பார்ப்போம்."

வரிசைக்குத் திரும்பினேன். அது ஒரு மடிப்பு நகர்ந்திருந்தது. இளவெயினி என் பையையும் தள்ளிக்கொண்டு வந்து நின்றிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது? சுற்றி வளைத்தே பழகிய நாக்கு. "எங்க பெரியப்பா ஒருத்தர் இருந்தார்மா" என்று தொடங்கினேன். "உப்பிலியபுரம். ஆள் இரும்பு. ஒரு நாள் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். ஏழு டாக்டர் வந்தாங்க. ஏழு பேரும் கையை விரிச்சுட்டாங்க. எட்டாவதா ஒரு டாக்டரை ஹெலிகாப்டர்ல..."

"பிழைச்சாரா அங்கிள்?"

"இல்லம்மா. அதாவது, பிழைக்கறதும் பிழைக்காததும் நம்ம கையில... எங்க அத்தை ஒருத்தங்க..."

"அங்கிள்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எங்க அண்ணன் செம்பியனுக்குச் சளி பிடிச்சாலே செத்துடுவேன்னு கத்துவான். அவன் போய் 'கொஞ்சம்'னு சொன்னா எனக்குத் தெரியாதா? அதுவும் சாப்பிட்டுட்டு வான்னு வேற சொன்னான். அவன் என்னைச் சாப்பிடச் சொன்னதே கிடையாது. என் தட்டுலேர்ந்து எடுத்துத்தான் சாப்பிடுவான்."

நான் தடுப்புக்கு அப்பால் நின்ற சாருமதியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆன்ட்டி என்னைப் பார்த்த பார்வையிலயே உங்களுக்கும் தெரியும்னு புரிஞ்சுது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு அவ்வளவு ஜாக்கிரதையாப் பேசினாங்க. அவங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு இருந்துட்டேன்."

பாருங்கள், நாங்கள் இருவரும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டு வருவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களை அவள் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"தெரிஞ்சா அதை அந்தக் கதவுகிட்டச் சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"அண்ணன் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். இவ்வளவு தூரம் விசாரிக்கிற கதவு, மீதியை அதுவே புரிஞ்சுக்கும்னு நினைச்சேன்." பையின் கைப்பிடியை மடக்கி மடக்கி நீட்டினாள். "சின்ன வயசுல எங்க வீட்டுல கோழி செத்தாக்கூட அவன்தான் வந்து என்கிட்டச் சொல்லுவான். வேற யாரையும் சொல்ல விடமாட்டான். முதல்ல கையைப் பிடிச்சுக்குவான், அப்புறம்தான் சொல்லுவான். இப்பவும் ராத்திரியெல்லாம் என்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருப்பான். அதை நான் ஒரு மெஷின்கிட்டப் போய் முதல்ல சொல்லிடறதா?"

வரிசை நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

"அதோட, கதவு தப்பா ஒண்ணும் சொல்லலையே அங்கிள். நான் ஊருக்குப் போய் நாலு வருஷமாச்சு. ஒவ்வொரு வருஷமும் வர்றேன் வர்றேன்னு சொன்னேன். அவர் இருந்தப்ப போகல. இப்ப இன்னைக்குப் போனா என்ன, நாளைக்குப் போனா என்ன? நாலு வருஷமாவே நான் சாம்பல்தான். இன்னைக்குத்தான் போர்டு மாட்டியிருக்காங்க."

சிரிக்க முயன்றாள். வரவில்லை.

என்னிடம் எதற்கும் ஒரு கதை இருக்கும். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்ல நாக்கு துடிக்கும். அப்போது ஒன்றுகூட அகப்படவில்லை. சின்னதாக ஒன்றுதான் அகப்பட்டது; அதைச் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில எடுத்துடுவாங்கம்மா. அதுக்கப்புறம் உனக்குப் போட்டோதான்."

அவள் தலை குனிந்துகொண்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்களோடு கூடவே நடந்து வந்துகொண்டிருந்த சாருமதிக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். கண்ணாடியைத் தட்டினாள். வெல்டன்பர்க் நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இந்தாம்மா வெயினி! அழறதா இருந்தா ஊர்ல போய் அழு. இங்க நின்னு அழுதா உங்க அப்பாவுக்கும் பிரயோஜனமில்ல, உங்க அண்ணனுக்கும் பிரயோஜனமில்ல. அந்தக் கதவுக்கு என்ன தெரியும்? நாளைக்கே போனாலும் ஒண்ணுதான்னு அது சொன்னா உனக்கு எங்க போச்சு புத்தி? போய்ச் சொல்லு, போ!"

ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த எல்லைக் காவல் படையும் சேர்ந்து போட முடியாத உத்தரவு அது. இளவெயினி பையை என்னிடம் விட்டுவிட்டு, மடிப்பு மடிப்பாக வந்த வழியே திரும்பி நடந்தாள். நின்றவர்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பக்கத்து மடிப்பில் நின்ற அந்த மூன்று கைப்பேசிக் கோடீஸ்வரர்கூடத் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டார். மாரிட் கயிற்றின் கொக்கியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்களது பயணத்தின் நோக்கம் யாது?"

தூண்களுக்கு நடுவில் அவள் அப்படியே நின்றாள். பின்னால் யாரும் அவசரப்படுத்தவில்லை.

"எங்கப்பா இறந்துட்டார்" என்றாள்.

"ஆழ்ந்த அனுதாபங்கள். பயணத்தின் நோக்கம் யாது?"

நான் அத்தனை நேரம் வியந்த கதவை அந்த ஒரு நொடி உதைக்கலாம் போல இருந்தது.

"அவர் முகத்தைப் பார்க்கணும். எடுக்கறதுக்கு முன்னாடி."

கதவு யோசித்தது. சாருமதிக்கும் எனக்கும் நாய்க்குட்டிக்கும் கண் சிமிட்டும் நேரத்தில் பதில் சொன்ன கதவு, யோசித்தது. மண்ணச்சநல்லூரில் எத்தனை வாசலில் போய் விசாரித்ததோ. பிறகு வேறு யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டது.

"தங்களது வருகையால் வித்தியாசம் யாருக்கு?"

அண்ணனுக்கு என்று சொல்லு, அம்மாவுக்கு என்று சொல்லு என்று நான் வாய்க்குள்ளேயே கத்தினேன். எல்லோரும் அப்படித்தான் சொல்லித் தப்பிப்பார்கள். ரோசம்மா, கிழவர், யாராவது ஒருத்தர்.

"எனக்கு" என்றாள்.

மாரிட் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

நீலம்.

ஒருவரும் கை தட்டவில்லை. நான்கூட. சாருமதி அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டிப் பிடித்து அவளை அப்படியே இழுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பைகளும் ஒரு கணவனும் சாம்பல் வரிசையில் கிடப்பது அவளுக்கு நினைவே இல்லை. அதுதான் சாருமதி.

மாரிட் என் அருகில் வந்தார். "கதவு கற்றுக்கொண்டது, ஐயா. இனி உங்கள் பகுதிக்குச் செல்பவர்களைச் சாம்பலுக்கு அனுப்பும் முன் முகம் பார்க்க வேண்டுமா என்று கேட்கும்."

"பிரமாதம்" என்றேன். உடனே உறைத்தது. "ஆனா அம்மா, நிஜமாவே தெரியாத ஒருத்தர் வந்தா? வீட்டுல மறைச்சு அனுப்பினவர் வந்தா? இந்தக் கதவுதான் அவர்கிட்ட முதல்ல சொல்லுமா?"

அவர் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை கதவைத் தயாரித்தவர்கள் யாருக்காவது ஒரு நாள் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. "அதை நான் மேலே எழுதி அனுப்புகிறேன்" என்றார் கடைசியில். எழுதி அனுப்பியிருப்பார். அப்படிப்பட்ட முகம்.

நான் திருச்சி விமானத்தைப் பிடித்தது தனிக் காவியம். இரண்டு பைகளோடு நான் ஓடிய ஓட்டத்தை ஒலிம்பிக்காரர்கள் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் வயதுக்காரர்களுக்கு ஒரு தனிப் போட்டியே தொடங்கியிருப்பார்கள். விமானத்தின் கதவு என் முதுகில் தட்டிக்கொண்டுதான் மூடியது.

உள்ளே சாருமதியின் தோளில் சாய்ந்து இளவெயினி தூங்கிக்கொண்டிருந்தாள். தரையிறங்கும் முன்தான் எழுந்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து எங்கள் இருவரிடமும் சொன்னாள்.

"அண்ணன் வெளிய நிப்பான். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"சரிம்மா" என்றாள் சாருமதி.

"அவனே சொல்லட்டும்."

வெளியே காலை வெயில் இன்னும் ஏறவில்லை. தடுப்புக் கம்பிக்குப் பின்னால் சவரம் செய்யாத முகத்தோடு, சட்டைப் பொத்தான்களை மேல்கீழாக மாற்றிப் போட்டுக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். பக்கத்தில் கார் ஓடிக்கொண்டே நின்றது. நாங்கள் இரண்டடி பின்னால் தங்கினோம். நன்றாக நடிப்பாள் என்று நான் நினைத்தேன். ஐரோப்பாவையே மசியவைத்த பெண், ஓர் அண்ணனைச் சமாளிக்க மாட்டாளா?

"வந்துட்டியா பாப்பா" என்றான் செம்பியன். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேண்ணே. அப்பா எப்படி இருக்காரு?"

அவன் அவளுடைய பையை வாங்கிக் கீழே வைத்தான். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. அவள் காதுக்கு மட்டும் சொன்னான்.

இளவெயினி அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு டாக்ஸிக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சாருமதி என் கையை இறுகப் பிடித்தாள். அது நடிப்பு இல்லை. வெல்டன்பர்கில் அவள் சொன்னது வேறு. அது விமானத்தைப் பிடிக்கச் சொன்னது. மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் முதலாளி அவருடைய மகளுக்கு இப்போதுதான் இறந்தார்.

செம்பியனும் அவளோடு தரையில் உட்கார்ந்துகொண்டான். அழுது முடியும்வரை பொறுத்திருந்தான். பிறகு தன் சட்டைக் கையால் அவள் முகத்தைத் துடைத்து, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான்.

"வா பாப்பா, போவோம். உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காரு."